எட்டாயிரத்தில் நின்றுபோன சனல்: என்னதான் செய்வது?

தலவாக்கலைத் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். மலையக வாழ்க்கையைப் பற்றி யூடியூப்பில் சனல் ஒன்று நடத்துகிறேன். பெயரைப் போடவில்லை, போட்டால் விளம்பரத்துக்கு வந்தவன் என்பீர்கள். சப்ஸ்கிரைபர் எட்டாயிரத்துச் சொச்சம். அதில் முக்கால்வாசிப் பேர் ஒரே ஒரு ஷார்ட்ஸை, அதாவது குட்டி வீடியோவை, பார்த்து வந்தவர்கள். சென்கிளேயர் நீர்வீழ்ச்சிப் பக்கம் பனிக்குள்ளிருந்து ரயில் வெளியே வரும் காட்சி அது, இலட்சக்கணக்கில் ஓடியது. அதற்குப் பிறகு சனல் அசையவே மாட்டேன் என்கிறது. பத்துப் பேர் வந்தால் பன்னிரண்டு பேர் கழன்றுகொள்கிறார்கள். நீள வீடியோவுக்கு முந்நூறு பார்வை வந்தாலே பெரிய விஷயம்.

விளம்பரக் காசு வரவேண்டுமென்றால் ஆயிரம் சப்ஸ்கிரைபரும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். முதலாவது எப்போதோ முடிந்தது. இரண்டாவது பாதிகூட இல்லை. ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடிய நேரம் அந்தக் கணக்கில் சேராது. ஷார்ட்ஸாலேயே தகுதி பெறுவதென்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. அதற்கு நான் தண்டவாளத்திலேயே பாய் விரிக்க வேண்டியதுதான்.

ஹேஷ்டேக் மாற்றியாயிற்று, போடும் நேரத்தை மாற்றியாயிற்று, வீடியோவின் முகப்புப் படமான தம்நெயிலில் வாயைப் பிளந்துகொண்டு என் முகத்தையும் வைத்தாயிற்று. கூட்டாளி ஒருவன் இதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்கிறான். இன்னொருவன் போனுக்கு ரீலோட் பரிசு வைத்துக் கூட்டம் சேர்க்கச் சொல்கிறான். மூன்றாமவன் சப்ஸ்கிரைபர் விற்கிற வாட்ஸ்அப் குரூப்பின் இணைப்பையே அனுப்பிவிட்டான். அல்கோரிதம் என்னை அமுக்கிவிட்டதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொட்டகலை மச்சான்

தினமும் ரெண்டு ஷார்ட்ஸ் போடு மச்சான். விடாமல் போட்டால் ஒன்றாவது பிடிக்கும். ரயிலில் பிடித்தது என்றால் ரயிலையே போடு. ஒன்பது வளைவுப் பாலம் இருக்கவே இருக்கிறது.

நோர்வூட்டான்

அந்தப் பாலத்தில் இப்போது ரயிலைப் பார்க்க வருகிறவர்களை விடக் கெமராக்கள்தான் அதிகம். நூறு வருசத்துப் பாலம், வெள்ளைக்காரன் முதல் நம் ஊர்ப் பொடியன் வரை எல்லாரும் எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். 101ஆவது ஆளாக நீ போய் என்ன செய்யப் போகிறாய்?

சப்ஸ்கிரைபரை மட்டும் காசு கொடுத்து வாங்கிவிடாதே. யூடியூப் அவ்வப்போது போலிக் கணக்குகளைக் கழித்துவிடும். கழிக்காமல் விட்டாலும் அந்தக் கணக்குகள் வீடியோ பார்க்கப் போவதில்லை. ரீலோட் பரிசும் அதே கதைதான். பரிசு முடிந்த மறுநாள் அவனவன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

ஹப்புத்தளை அக்கா

தம்பி, சனலை மூடாதீர்கள். அல்கோரிதத்தையும் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். உங்கள் எட்டாயிரம் பேரில் ஆறாயிரம் பேர் ரயில் பார்க்க வந்தவர்கள். அவர்கள் போலந்திலும் பீகாரிலும் இருக்கலாம், தமிழே தெரியாமல் இருக்கலாம். ஜன்னலால் கையசைத்துவிட்டுப் போகிற பயணிகளை உறவினர் கணக்கில் எழுதிவைத்தால் விருந்துக்கு ஆள் வரவில்லை என்று கவலைப்படத்தான் வேண்டும். உங்கள் சனல் நின்றுபோகவில்லை, அது இன்னும் தொடங்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது சமையலும் வீட்டுத் தோட்டமும். நாற்பதாயிரத்தைத் தாண்டியிருக்கிறது, பெரிய சனல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிக்கிய இடத்தில் எதைப் பார்ப்பது என்று தெரியும். சனலின் கணக்கு வழக்கைக் காட்டுகிற யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து மூன்று விஷயத்தை இங்கே எழுதுங்கள்.

தம்நெயில் காட்டப்பட்டவர்களில் எத்தனை வீதம் பேர் தட்டினார்கள் என்பது ஒன்று. பாதிச் சனல்களுக்கு இது 2 முதல் 10 வீதத்துக்குள் இருக்கும் என்று யூடியூப்பே சொல்கிறது. 3 வீதம் என்று பார்த்ததும் ஒடிந்துபோக வேண்டாம். வீடியோவை அதிகம் பேருக்குக் காட்டக் காட்ட அந்த எண் தானாகவே இறங்கும்.

நீள வீடியோவில் முதல் 30 விநாடி முடியும்போது எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலும் வில்லங்கம் அங்கேதான்.

கடைசியாக, ஓடியன்ஸ் பக்கத்தில் புதிதாக வந்தவர்கள் எத்தனை, திரும்பி வந்தவர்கள் எத்தனை. சப்ஸ்கிரைபர் எண்ணை விட இதைத்தான் நான் பார்ப்பேன். திரும்பி வருகிறவர்கள் மெல்ல மெல்லக் கூடினால், மேலே தெரிகிற எண் அசையாவிட்டாலும் சனல் நகர்கிறது என்று அர்த்தம்.

பதுளைப் பொடியன்

அக்கா சொல்வதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் மண்சரிவு, பாதை உடைப்பு, ரயில் பாதையும் போய்விட்டது. அந்த நாட்களில் எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே ஆட்களைத் தங்கவைத்திருக்கிறார்கள் என்று என் பேஸ்புக் பக்கத்தில் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆட்கள் குவிந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வீட்டோடு தொடர்பு கிடைக்காதவர்கள் எல்லாம் இன்பொக்ஸில் கேட்டார்கள். அதை நான் வளர்ச்சிக்காகச் செய்யவில்லை, ஆனால் எண் ஏறியது உண்மை.

தண்ணீர் வடிந்ததும் நான் பழையபடி கிரிக்கெட், ஊர்ப் பகிடி என்று போடத் தொடங்கினேன். யாரும் சீண்டவில்லை. வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது தகவல், அவர்களிடம் நான் பகிடியை நீட்டினால் எப்படி? இப்போது வாரத்துக்கு இரண்டு தரம் பாதை நிலவரம், பஸ் ஓடுகிறதா, மழை எப்படி என்று மட்டும் போடுகிறேன். சின்னப் பக்கம்தான், ஆனால் காலையில் ஆட்கள் தேடிவந்து பார்க்கிறார்கள்.

மஸ்கெலியா ரீல்ஸ்

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக் கஷ்டத்தைக் காட்டு. ஒழுகுகிற கூரை, ஒரு காம்பிராவுக்குள் ஏழு பேர். அப்புறம் ஒரு மூட்டை அரிசி கொடு. அதைத்தான் வெளிநாட்டுக்காரர் பார்க்கிறார்கள், உதவியும் அனுப்புகிறார்கள். சனல் ஓடும், சனத்துக்கும் நல்லது. இதில் என்ன தப்பு?

இராகலை டீச்சர்

தப்பு என்னவென்று என் வகுப்புக்கு வந்து கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வீட்டை இப்படி ஒரு வீடியோவில் காட்டினார்கள். அம்மாவை அழவைத்து, அடுப்பைக் காட்டி, மகள் படிக்கிற பாடசாலை இதுதான் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அரிசி ஒரு வாரத்தில் முடிந்தது. வீடியோ இன்னும் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் போனில் அதைப் போட்டுக்காட்டிச் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை இரண்டு வாரம் வரவில்லை.

உதவி செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. முகத்தைக் காட்டாமலும் உதவலாம். மலையகம் என்றதும் ஒரு பக்கம் பச்சைப் போர்வை, மறுபக்கம் கண்ணீர், இந்த இரண்டையும் விட்டால் எங்களுக்கு வேறு வாழ்க்கையே இல்லையா? கொழுந்து எடுக்கிற பெண்களைக் கேட்காமல் கொள்ளாமல் படம் எடுப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். என் அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். சுற்றுலா வருகிறவர்கள் ‘சிரி சிரி’ என்று சொல்வதைக் கேட்டு நின்றால் அன்றைக்குக் கிலோ குறையும். கிலோ குறைந்தால் சம்பளம் குறையும்.

மஸ்கெலியா ரீல்ஸ்

சரி டீச்சர், முகம் காட்டுவது பற்றி நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் கஷ்டத்தையே காட்டக் கூடாது என்றால் அது பொய். கூரை ஒழுகத்தான் செய்கிறது.

இராகலை டீச்சர்

ஒழுகுகிற கூரையைத் தாராளமாகக் காட்டுங்கள். யார் திருத்த வேண்டும், ஏன் திருத்தவில்லை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அழுகிற அம்மா இல்லாமலே அந்தக் கேள்வி நிற்கும்.

தலவாக்கலைத் தம்பி

அக்கா கேட்ட எண்கள்: தட்டியவர்கள் 2.3 வீதம். 30ஆவது விநாடியில் மிச்சம் 38 வீதம், பல வீடியோக்களில் அதைவிட மோசம். திரும்பி வருகிறவர்கள் நூற்றில் ஐந்தாறு பேர்தான்.

ஆனால் ஒரு வீடியோ மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. அப்பாயி (அப்பாவின் அம்மா) அந்தக் காலத்துப் பெரட்டை, அதாவது காலையில் ஆள் எடுப்பதைப் பற்றிப் பேசுவது. விடியுமுன் எழும்பி, ரொட்டி சுட்டு, சாயத்தண்ணி குடித்துவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓடுவது, பிந்தினால் அன்றைய பேர் (நாள் கூலி) இல்லை என்று திருப்பி அனுப்புவது, இதெல்லாம் சொல்கிறார். பார்வை நானூறுகூட இல்லை. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் கடைசி வரை இருந்திருக்கிறார்கள். எத்தனை பேர் மிச்சம் என்று ஸ்டூடியோ காட்டுகிற கோடு நேராகப் போய் நடுவில் ஒரு இடத்தில் மேலே எழும்புகிறது. அந்த இடத்தில் அப்பாயி, கொழுந்து எடுக்கும்போது கட்டுகிற சாக்கான படங்கை இடுப்பில் எப்படிக் கட்டுவது என்று கட்டிக்காட்டுகிறார். சாக்கை இரண்டாக மடித்து, மேல் விளிம்பை உள்ளே சுருட்டி, முடிச்சைப் பக்கவாட்டில் போட்டு இறுக்குகிறார். முன்னால் முடிச்சு இருந்தால் தேயிலைச் செடிக்குள் நுழையும்போது வயிற்றில் குத்துமாம். அப்புறம் கூடைக் கயிறு தலையில் படுகிற இடத்துக்குத் துணியை நாலாக மடித்து வைக்கிறார். கோடு ஏன் மேலே போகிறது என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று, அந்த வீடியோவைப் பார்த்தவர்களில் இலங்கையை விட இந்தியா அதிகம். நீலகிரிப் பக்கத்திலிருந்து கொமெண்ட் வருகிறது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஹப்புத்தளை அக்கா

கோடு மேலே போனால் ஆட்கள் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அல்லது அந்த இடத்தை யாருக்கோ அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் அடுத்த வீடியோ என்ன என்று பார்க்கிறவர்களே சொல்லிவிட்டார்கள். இதைக் கையில் வைத்துக்கொண்டா ஹேஷ்டேக் தேடினீர்கள்?

கூடலூர்க்காரன்

வணக்கம். அந்தக் கொமெண்ட் போட்டவர்களில் ஒருவன் நானாகவும் இருக்கலாம். கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் எங்களைப் போல நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் வந்தவர்கள். தாத்தா தலைமன்னாரில் கப்பலேறியபோது அப்பாவுக்கு விவரம் தெரியாத வயது. இங்கே வந்தும் தேயிலைதான், அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை.

தாத்தாவுக்குப் போனில் உங்கள் ஊர் வீடியோ போட்டுக் காட்டினால் பனி, ரயில் எல்லாம் இரண்டு நிமிடம் பார்ப்பார். ‘இது எந்தத் தோட்டம்?’ என்று கேட்பார். வீடியோவில் அது இருக்காது. பேசுகிறவர் ‘அழகிய மலைநாடு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பாட்டி படங்கு கட்டுகிற இடத்தைத் தாத்தா எத்தனை முறை போடச் சொன்னார் என்று கேட்காதீர்கள். ‘எங்க அம்மா இப்படித்தான் கட்டும்’ என்றார்.

ஒரு வேண்டுகோள். தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், தோட்டத்தில் எந்தப் பிரிவு என்று டிவிசனைச் சொல்லுங்கள். காகிதத்தில் உள்ள ஆங்கிலப் பெயரோடு, நம் ஆட்கள் வாயில் வழங்குகிற பெயரையும் தலைப்பில் போடுங்கள். இங்கே இருக்கிற கிழவர்களுக்கு அந்தப் பெயர்தான் தெரியும். பேரப்பிள்ளைகள் அதை வைத்துத்தான் தேடுகிறோம், ஒன்றும் கிடைப்பதில்லை.

நோர்வூட்டான்

இது நல்ல யோசனைதான். ஆனால் ஒன்று, இந்தியப் பார்வைக்கு விளம்பரக் காசு குறைவு. கனடா, லண்டன் ஆட்கள் பார்த்தால்தான் கையில் ஏதாவது மிஞ்சும். நமக்கு அங்கே யாழ்ப்பாணத்து ஆட்கள் அளவுக்குச் சனம் கிடையாது. இதையும் யோசித்துக்கொள்.

கூடலூர்க்காரன்

காசு குறைவுதான் அண்ணே. ஆனால் முந்நூறு பார்வைக்குக் கனடா ரேட் கிடைத்தாலும் சாயத்தண்ணிக்கே காணாதே!

புறக்கோட்டைக் கடைப் பையன்

நான் பொகவந்தலாவை. கொழும்பில் கடையில் நிற்கிறேன். எங்கள் கடைத்தெருவில் பாதிப் பேர் மலையகம்தான். இரவு கடை மூடிச் சாப்பிட்டு, படுக்குமுன் கொஞ்ச நேரம் போன் பார்ப்போம். ரயில் வீடியோ நான் பார்ப்பதில்லை. அதில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போகிறவன் நான், எனக்கு அதில் என்ன அழகு?

எனக்கு வேண்டியது ஊர்க் கதை. கோயில் திருவிழாவில் இந்த வருசம் யார் கரகம் எடுத்தது, காமன் கூத்தில் யார் மன்மதன், எந்த டிவிசன் கிரிக்கெட்டில் வென்றது. மாசி மாதம் லீவு கேட்டால் முதலாளி முறைப்பார். கூத்து முழுசாக யாராவது போட்டால் நாங்கள் எல்லாரும் விடிய விடியப் பார்ப்போம். கூத்து என்று தேடினால் இரண்டு நிமிடத் துண்டுகள்தான் கிடைக்கின்றன, அதிலும் மேலே சினிமாப் பாட்டை ஒட்டிவிடுகிறார்கள்.

பண்டாரவளை வெடிங் வீடியோ

சினிமாப் பாட்டை ஒட்டினால் கொப்பிரைட் கிளைம் வரும், வீடியோ ஓடினாலும் காசு பாட்டுக்காரனுக்குப் போகும். கூத்துக்குத் தப்பு மேளச் சத்தம் இருக்கும்போது வேறு பாட்டு எதற்கு?

நான் கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா எடுக்கிறவன், ஆகவே படப்பிடிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தம்பி, உங்களுக்கு 30 விநாடியில் 62 வீதம் பேர் ஓடுவதற்குக் காரணம் எனக்குப் பார்க்காமலே தெரியும். லோகோ சுற்றிச் சுற்றி வரும், பிறகு ட்ரோன் காட்சி, பிறகு ‘வணக்கம் உறவுகளே, நம்ம சனலுக்குப் புதுசா வந்தவங்க பெல் பட்டனைத் தட்டுங்க’. விஷயம் ஆரம்பிக்கும்போது ஆள் அடுத்த வீடியோவில் இருப்பான். சரிதானே? படங்கு முடிச்சைப் போடுகிற கையோடு வீடியோவைத் தொடங்குங்கள். வணக்கத்தை அப்புறம் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ட்ரோன் என்றதும் ஞாபகம் வந்தது. சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் தூக்காதீர்கள். தோட்டத்துக்கு மேலே பறக்கவிட்டால் துரைமார் (தோட்ட மேலாளர்கள்) தனியாகப் பிடிப்பார்கள்.

சத்தம்தான் நம் பக்கத்து வீடியோக்களுக்குச் சாபம். தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சு ஒன்றும் கேட்காது. வெளியே போனால் காற்று. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஆட்கள் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் நிற்க மாட்டார்கள். சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், விலை குறைந்ததே போதும். அதன் மேல் பஞ்சு மூடி கட்டாயம் வேண்டும். வயதானவர்களுக்கு மைக்கை நெஞ்சுக்கு நேரே குத்தாதீர்கள், சேலை உரசும். தோள் பக்கம் குத்துங்கள். மழை வந்தால் நிறுத்திவிட்டு, ஓய்ந்த பிறகு எடுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

தம்நெயிலில் உங்கள் முகத்தை எடுத்துவிட்டு அப்பாயியின் கையை வையுங்கள். கணினியில் ஸ்டூடியோவைத் திறந்தால் ஒரே வீடியோவுக்கு மூன்று தம்நெயில் வரை போட்டுச் சோதிக்கலாம். எதைப் போட்டால் அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று அதுவே பிரித்துச் சொல்லும்.

கொட்டகலை மச்சான்

அப்போ ஷார்ட்ஸ் வேண்டாம் என்கிறீர்களா எல்லாரும்?

ஹப்புத்தளை அக்கா

வேண்டாம் என்று யார் சொன்னது? ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை போகலாம், 2024 அக்டோபரில் கூட்டினார்கள். படங்கு முடிச்சை ஒரு ஷார்ட்ஸாக வெட்டி, அதில் தொடர்புடைய வீடியோ என்ற இடத்தில் முழு வீடியோவைக் கோத்துவிட வேண்டும். கொமெண்டில் இணைப்புப் போட்டுப் பயனில்லை, ஷார்ட்ஸ் கொமெண்டில் அது தட்டினால் திறக்காது. ரயில் ஷார்ட்ஸைப் பார்த்தவன் அப்பாயியைத் தேடி வரமாட்டான். முடிச்சைப் பார்த்தவன் வருவான்.

ஷார்ட்ஸ் பார்வை எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 2025 மார்ச்சிலிருந்து வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறார்கள். உண்மையில் நின்று பார்த்தவர்கள் எத்தனை என்பது ஸ்டூடியோவில் தனியாக இருக்கும்.

தேடி வருகிறவர்களுக்காகவும் ஒன்றிரண்டு வீடியோ வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் உண்டுவப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். ஹட்டனில் இறங்கி நல்லதண்ணிக்கு எப்படிப் போவது, எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கினால் சூரிய உதயத்துக்குப் போய்ச் சேரலாம், வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா, மேலே குளிர் எப்படி, இதைத் தமிழில் நிதானமாகச் சொல்கிற வீடியோ குறைவு. அது ஒரே நாளில் ஓடாது. ஆனால் ஒவ்வொரு சீசனுக்கும் ஆட்கள் தேடி வருவார்கள், உங்கள் 4,000 மணிநேரத்துக்கு அது உதவும்.

லிந்துலை அண்ணன்

எல்லாரும் வளர்வதைப் பற்றிப் பேசுகிறீர்கள், காசு எடுக்கிற இடத்தில் உள்ள முள்ளை யாரும் சொல்லவில்லை. தகுதி கிடைத்து, கூகிள் விளம்பரக் காசு தருகிற அட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் ஆறு இலக்கப் பின் நம்பரைத் தபாலில் அனுப்புவார்கள். அதைப் போட்டு முகவரியை உறுதி செய்யாவிட்டால் காசு வராது. நாலு மாதத்துக்குள் போடாவிட்டால் விளம்பரமே நின்றுவிடும்.

லயத்தில் வீட்டுக்கு வீடு இலக்கம் எங்கே இருக்கிறது? கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கே ஒரு பெட்டியில் கிடக்கும், யாராவது ஞாபகம் வந்து கொடுத்தால் உண்டு. எனக்கு வந்த கடிதம் கைக்குக் கிடைக்கவே இல்லை. கடைசியில் டவுனில் மாமா கடை முகவரிக்கு மாற்றி மறுபடி அனுப்பச் சொன்னேன், வந்தது. பின் கிடைக்கவே இல்லை என்றால் பிறகு அடையாள அட்டை காட்டி உறுதி செய்ய வழி இருக்கிறது, ஆனால் அதுவரை இழுபறிதான். தம்பி, இப்போதே நம்பிக்கையான டவுன் முகவரி ஒன்றைப் பார்த்து வை. 100 டொலர் சேர்ந்தால்தான் பேங்குக்கு வரும் என்பதையும் அம்மாவிடம் முதலே சொல்லிவிடு, இல்லாவிட்டால் மாதா மாதம் கேட்பார்கள்.

பதுளைப் பொடியன்

எங்கள் அம்மா இன்னும் கேட்கிறார்.

தலவாக்கலைத் தம்பி

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சொன்னதில் பலதைச் செய்து பார்த்தேன்.

லோகோவைத் தூக்கியாயிற்று. மைக் வாங்கினேன். அப்பாயியை வைத்து மூன்று வீடியோ போட்டேன். கூடை கட்டுவது ஒன்று, மழைக்காலத்தில் அட்டைக்கு என்ன செய்வார்கள் என்பது ஒன்று. மூன்றாவது, கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குக்கும் தண்ணிக்கும் என்று எப்படிக் கழிப்பார்கள் என்பது. தலைப்பில் தோட்டத்துப் பெயரை இரண்டு மாதிரியும் போட்டேன். 30ஆவது விநாடியில் இப்போது 60க்கு மேல் நிற்கிறார்கள். நிறுவை பற்றிய வீடியோ இரண்டாயிரத்தைத் தாண்டியது, என் நீள வீடியோ எதுவும் அதற்கு முன் ஆயிரத்தைத் தொட்டதில்லை. கொமெண்டில் பெரிய சண்டை, எங்கள் தோட்டத்தில் இவ்வளவு கழித்தார்கள், உங்கள் தோட்டத்தில் எவ்வளவு என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களாகவே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சப்ஸ்கிரைபர் எண் பெரிதாக ஏறவில்லை. ரயில்காரர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள், இந்தப் பக்கம் புது ஆட்கள் வருகிறார்கள், கூட்டிக் கழித்தால் இருநூறு கூடியிருக்கும். ஆனால் அக்கா சொன்ன திரும்பி வருகிறவர்கள் கணக்கு மூன்று மடங்காகிவிட்டது. 4,000 மணிநேரம் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது.

இப்போது இரண்டு தலையிடி. நிறுவை வீடியோவைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் ஒருவர் சித்தப்பாவைக் கூப்பிட்டு ‘உன் அண்ணன் மகன் என்ன பண்ணுறான்’ என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா அங்கே வேலை செய்கிறவர். நான் தேயிலை மலைக்குப் போய் எதையும் படம் எடுக்கவில்லை, எல்லாம் வீட்டு வாசலில் அப்பாயி வாயால் சொன்னதுதான். இருந்தாலும் வீட்டில் பயம். இரண்டாவது, அப்பாயிக்கு அலுத்துவிட்டது. ‘எத்தனை தரம்டா அதையே சொல்றது’ என்கிறார். அவர் இல்லாமல் சனல் எப்படி ஓடும்?

இராகலை டீச்சர்

முதல் விஷயத்துக்கு: வேலையில் இருக்கிறவர்களை வைத்து இன்றைய நிலவரத்தைப் பேசவைக்காதீர்கள். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் காலத்தைப் பேசட்டும், யாரும் சித்தப்பாவைப் பிடிக்க முடியாது. கொமெண்டில் இன்றைய கணக்கை மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். யாராவது ஆளின் பெயரைப் போட்டு எழுதினால் மட்டும் அந்தக் கொமெண்டை எடுத்துவிடுங்கள்.

ஹப்புத்தளை அக்கா

அப்பாயிக்கு ஓய்வு கொடுங்கள் தம்பி. ஒரே ஆளின் தோளில் சனலை ஏற்றினால் இரண்டும் களைத்துவிடும். உங்கள் லயத்திலேயே ஓய்வு பெற்ற கங்காணி இருப்பார், மருத்துவிச்சி வேலை பார்த்த பாட்டி இருப்பார், தோட்டத்துக் கோயிலில் தப்பு அடிக்கிறவர் இருப்பார். மாசியில் காமன் கூத்து வருகிறது. புறக்கோட்டைத் தம்பி கேட்ட மாதிரி விடிய விடிய முழுசாக எடுங்கள், எங்கே எந்தக் கட்டம் என்று நேரக் குறிப்புப் போடுங்கள். முன்கூட்டியே கூத்து வாத்தியாரிடம் கேட்டு, வெற்றிலை பாக்கு வைத்து அனுமதி வாங்குங்கள்.

கூடலூர்க்காரன்

எனக்கு ஒன்று தோன்றுகிறது. தாத்தா அப்பாயியோடு பேச வேண்டும் என்கிறார். இரண்டு பேரும் ஒரே வயதாகத்தான் இருக்க வேண்டும். அப்பாயிக்குத் தனியாகப் பேச அலுப்பு என்றால், வீடியோ காலில் இவரோடு பேசவைத்தால் என்ன? அங்கே நின்றவரும் இங்கே வந்தவரும் ஒரே விஷயத்தைப் பேசட்டும். தாத்தாவும் அப்பாவும் சம்மதம்.

தலவாக்கலைத் தம்பி

அப்பாயியிடம் கேட்டேன். ‘எந்தத் தோட்டத்து ஆளாம்?’ என்றார். உங்கள் தாத்தாவின் தோட்டத்துப் பெயரைச் சொன்னதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ‘அந்தத் தோட்டத்திலதான் எங்க மாமா கங்காணியா இருந்தாரு’ என்று தொடங்கிவிட்டார். அலுப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா? வாட்ஸ்அப் காலை அப்படியே ஸ்கிரீன் ரெக்கோர்டிங் செய்தால் போதுமா, பண்டாரவளை அண்ணே?

பண்டாரவளை வெடிங் வீடியோ

போதாது. சிக்னல் விட்டு விட்டு வந்தால் பேச்சு துண்டு துண்டாக விழும், நம் பக்கம் அது நிச்சயம் நடக்கும். இரண்டு வீட்டிலும் இன்னொரு போனைத் தனியாக வைத்து, அந்தந்தப் பக்கத்துப் படத்தையும் சத்தத்தையும் அங்கேயே பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது இரண்டு பக்கமும் ஒரு தரம் கை தட்டச் சொல்லுங்கள், எடிட்டிங்கில் அதை வைத்துப் பொருத்தலாம். கால் ஓடுகிற போனில் காதுக் கருவி போடுங்கள், இல்லாவிட்டால் தாத்தாவின் குரல் அப்பாயியின் மைக்கில் எதிரொலிக்கும். அவர் காதில் மாட்ட மாட்டேன் என்றால் போனின் சத்தத்தைக் குறைத்துக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முடிந்ததும் கூடலூர்த் தம்பி தன் பக்கத்துப் பைலை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் போய்விடும். டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள்.

கூடலூர்க்காரன்

டிரைவில் ஏற்றுகிறேன். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், காலையில் தாத்தா கோயிலுக்குப் போய்விடுவார்.